சன்னலுக்கு அடித்த ஏழு ஆணிகள்

எங்களுக்குத் தங்காமல் போன முதல் பிள்ளைக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட்டதில்லை. ஆம்பளை என்றால் இவனைப் போல இருக்க வேண்டும் என்று எங்கள் ஊரான காஜா பேராங்கில் நாலு பேர் என்னைக் காட்டிப் பேசினார்கள்.

இரண்டும் பொய். கிணற்றடியில் வாளிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு அழுதேன், சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று. வாளியில் தண்ணீர் இருந்ததை மறந்துவிட்டேன். மூக்கில் ஏறி அன்றைக்கே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். நாலு பேர் என்னைக் காட்டிப் பேசியது உண்மைதான். ஆனால் அது வேறு விஷயத்துக்கு. ஜப்பான் சிப்பாயைக் கண்டால் குனிய வேண்டும் என்று குனிந்து குனிந்து பழகி, ஒருநாள் ஒரு தந்திக் கம்பத்துக்கு வணக்கம் வைத்துவிட்டேன்.

அரிசி கனவில் மட்டும் வந்துபோன காலம் அது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரிக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று மரவள்ளி இலை. சண்டைக்கு முன்னால் நான் டவுனில் ஒரு கடைக்குப் பலகைப் பெட்டி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவனுக்கு (இந்த எழுத்துக் கிறுக்கல் எல்லாம் பிற்காலத்தில் கற்றது) அந்த வேலை கிடைத்ததே பெரிது. ஜப்பான்காரன் வந்த பிறகு புது ஆணி என்பதே ஊரில் இல்லாமல் போயிற்று. உடைந்த பெட்டிகளைத் தேடி எடுத்து, துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி, கருங்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவேன். தூரத்துச் செமாபோக்கிலிருந்துகூட ஆட்கள் கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்து ஆணி வாங்கிப் போவார்கள். வளைந்ததை நிமிர்த்த என்னை விட்டால் ஆளில்லை என்று சொல்லிக்கொள்வேன். நசுங்கிப்போன என் கட்டை விரலைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

மலாய்ப் பழக்கத்தில் ஊறிய சீன வம்சத்து நோன்யா அம்மாள் ஒருவரின் வீட்டுக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிய ஒற்றை அறைப் பலகை வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் உத்தரவு வந்தது: விமானம் வருகிறது, விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது, எல்லாரும் சன்னலை மறைக்க வேண்டும். துணிக்கு எங்கே போவது. இடுப்பில் கட்டவே சாக்கைத்தான் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கோணிச்சாக்கில் கரியைத் தேய்த்துக் கறுப்பாக்கி, வீட்டுக்கு வெளிப்புறமாகச் சன்னலைச் சுற்றி அடிக்கப் போனேன்.

நோன்யா அம்மாள் செருப்பில்லாமல் ஓடி வந்தார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கவே கூடாதாம். கருவுக்கென்று ஒரு காவல் தெய்வம் உண்டாம். பத்து மாதமும் அது வீட்டுக்குள் இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்குமாம். ஒருநாள் கட்டிலடியில், ஒருநாள் அடுப்பில், ஒருநாள் சுவரில். சுவரில் இருக்கிற நாளில் சுவரில் அடித்தால் அந்த அடி பிள்ளைக்குப் போய்ச் சேருமாம். எங்கள் வீட்டில் மனிதர்களுக்கே உட்கார இடமில்லை, தெய்வம் எங்கே வந்து உட்காரும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் கதையே வேறு. அங்கே பிள்ளைத்தாய்ச்சியின் தலைமாட்டில் இரும்பு இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் காற்று கருப்பு அண்டிவிடும். அதனால் நிமிர்த்திய ஆணியில் நல்லதாக ஒன்றை எடுத்து மனைவியின் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, வெளியே போய் ஏழு ஆணி அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு வேறு பாடினேன்.

நாலாம் நாள் காலையில் அவளுக்கு இரத்தம் போக ஆரம்பித்தது.

பக்கத்துச் சந்திலிருந்து மருத்துவச்சி வந்தாள். சிட்டிக்காரி, தலைமுறை தலைமுறையாக மலாயோடு கலந்துபோன பழைய தமிழ் வம்சம். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பாள். எங்களைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுவாள். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அவளால் ஆனதைச் செய்தாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் பழைய வேட்டியில் கிழித்த துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தாள். ஒரு பிடி கிழங்கு மாவு இருந்தால் எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. தாய் பார்க்கக்கூடாது, பார்த்தால் அடுத்ததும் இதே வழியில் போகும் என்று நோன்யா அம்மாள் கதவருகே நின்று சொன்னார். மருத்துவச்சி ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்க நிற்கவில்லை. பின்வேலி ஓரம், பாண்டான் இலைப் புதருக்கு அந்தப் பக்கம் குழி தோண்டி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கே என்று என் மனைவி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வயிறு கட்ட என்னைக் கூப்பிடு என்று மருத்துவச்சி சொல்லிப் போனாள். கூப்பிடவில்லை. வந்தால் சன்னலைப் பார்ப்பாள், ஆணியைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். சன்னலுக்குக் கீழே பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் திரும்பவே இல்லை. கிழங்கு வேகவைத்து வைத்தால் அப்படியே காய்ந்து கிடக்கும். கூத்துக்காரன் போல ஆடிப் பார்த்தேன். கம்பத்துக்கு வணக்கம் வைத்த கதையைச் சொன்னேன். அது எந்தத் துக்க வீட்டிலும் எடுபடும். அவள் முதுகு அசையவில்லை. அந்த ஊரில் பட்டினியில் சாவதற்கு ரொம்ப நாள் பிடிக்காது. இவளும் போய்விடுவாள் என்று பயந்தேன். பிள்ளையைக் கொன்றது என் சுத்தியல், இவளைக் கொல்லப்போவதும் அதுதான் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது.

நோன்யா அம்மாளிடம் போய், அடித்ததைத் திருப்பி எடுக்க வழி உண்டா என்று கேட்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கினால் சுவரில் இருப்பது இன்னும் கோபித்துக்கொள்ளும், நாளைக்கு ஒன்றாக, வெயில் உச்சியில் நிற்கும்போது, வாயைத் திறக்காமல் பிடுங்கு என்றார். வீட்டுக்காரிக்குத் தெரியவே கூடாது என்றும் சொன்னார்.

முதல் நாள் முதல் ஆணியைப் பிடுங்கினேன். மழையில் ஊறிய பலகை. சுத்தியலின் கவையில் கொடுத்து நெம்பினால் ஒரேயடியாக வராது. மெல்ல மெல்ல, நூல் நூலாகத்தான் வரும். வெளியே நிற்கிற எனக்கு லேசாகக் கிறீச்சென்று கேட்டது. என் தொழிலில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் என்பதால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் போனபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட்டேன். கிட்டே போனதும் சந்தோஷம் போய்விட்டது. பலகையில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, யாரோ பேசுவதைக் கேட்பவள் போல இருந்தாள். மாரில் துணி நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஆணி பிடுங்கப் போனபோது, கீழே தரைச் சட்டத்தின் மேல், பலகை உளுத்துக் கையளவு ஓட்டை விழுந்திருந்த இடத்தில் ஒரு கொட்டாங்குச்சி இருந்தது. அதற்குள் ஒரு மடக்குக்கும் குறைவாக, வெள்ளையாக ஏதோ. தேங்காய்ப்பால் என்று விரலை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. தேங்காய்ப்பால் மணம் இல்லை. ஊரில் பால் டின் என்று ஒன்று இருந்ததையே சனங்கள் மறந்திருந்த நேரம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் முதுகில் குளிர்ந்தது. ஆணியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன். மறுநாள் கொட்டாங்குச்சி காலியாக இருந்தது. அதற்கு மறுநாள் மறுபடியும் நிரம்பியிருந்தது, மறுபடியும் வெதுவெதுப்பாக.

பேய்க்குப் பயப்படுகிறவன் இல்லை நான் என்று இந்த இடத்தில் எழுதலாம். ஆனால் ஏற்கெனவே இரண்டு பொய் சொல்லியாயிற்று. ஐந்தாம் ஆணியைப் பிடுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஆறாம் ஆணிக்கு, சுவரில் இருப்பது யாராக இருந்தாலும் மன்னிக்க வேண்டும் என்று ஒரு கும்பிடு போட்டேன். சிப்பாய்க்குக் குனிகிற அதே குனிவு, வேறு எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் அவள் இன்னும் மெலிந்துகொண்டே போனாள். எலும்பும் கண்ணும்தான் மிச்சம். இரண்டு வாய் கிழங்கு தின்ன ஆரம்பித்திருந்தாள் என்பது மட்டும் எனக்கு ஒரு ஆறுதல். யாருக்காகத் தின்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள். கடைசி ஆணி. சாக்கு ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற மூலைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தேன். காற்றே இல்லை. நோன்யா அம்மாள் வீட்டுக் கோழிகூட எங்கோ நிழலில் ஒடுங்கிக் கிடந்தது. கவையைக் கொடுத்து நெம்பினேன். ஆணி நீளமாகக் கத்திக்கொண்டு பாதி வந்தது. நிறுத்தி மூச்சு வாங்கினேன்.

சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அழாதடா. இந்தா, வந்துட்டேன்."

பதினோரு நாளாக நான் கேட்காத குரல். அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடமும் என் உடம்பில் இருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது. பிறகு, என் காலுக்குப் பக்கத்தில், உளுத்த பலகையின் ஓட்டை வழியாக ஒரு கை வெளியே வந்தது. வெளுத்து, குச்சியாக, நரம்பு தெரிகிற கை. கொட்டாங்குச்சியைச் சட்டத்தின் மேல் சிந்தாமல் வைத்தது. வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. விரல்களை விரித்து, எதையோ தொடுவதற்காகக் காற்றில் தடவியது.

நான் சுத்தியலை விட்டேன். அது என் கால் பெருவிரலில் விழுந்தது. நான் போட்ட கூச்சல் பக்கத்து ஊர் புக்கிட் பாரு வரைக்கும் போயிருக்கும். கை சட்டென்று உள்ளே போய்விட்டது.

"யாரு?" என்றது பலகை.

"நான்தான்."

"நீங்களா?"

"ஆமா புள்ள. நான்தான். கால்ல சுத்தியல போட்டுக்கிட்டேன்."

பலகைக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"தெனமும் உச்சியில அழுதது... நீங்கதானா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெளியே லேசாகக் கேட்கிற கிறீச், பலகை வழியாக உள்ளே போகும்போது என்னவாகக் கேட்டிருக்கும் என்று. நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்த்துணி நனைந்திருந்தது. பிள்ளை போன பிறகும் பால் சுரக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. பால் வருகிறது என்றால் பிள்ளை எங்கேயோ பசியோடு இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று அழுதால் யார்தான் என்ன செய்வார்கள். அவள் வைத்ததைப் பார்த்து நான் பயந்தேன். நான் பிடுங்கியதைக் கேட்டு அவள் பால் கொடுத்தாள். எறும்பும் வெயிலும் குடித்தது போக மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் பேயாக்கி வைத்திருந்தோம்.

அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். ஏழு ஆணி அடித்ததை, நோன்யா அம்மாள் தடுத்ததை, நான் பாட்டுப் பாடியதை. "நான்தான் கொன்னுட்டேன் புள்ள" என்றேன்.

அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நீங்க ஒண்ணும் கொல்லல. நான்தான் பப்பாளி தின்னேன். வேலியோரத்து மரத்துல விழுந்து கெடந்துச்சு. நல்லாப் பழுத்துருந்துச்சு. பசி தாங்கல. ரெண்டு துண்டு. உங்களுக்குக்கூட வைக்கல."

சொல்லிவிட்டுத்தான் அழுதாள். கடைசிச் சொல்லுக்குத்தான் ரொம்ப அழுதாள்.

மருத்துவச்சியைக் கூட்டிவரப் போனேன். ஜப்பான்காரன் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகக்கூடாது என்று அதுவரை தெருவில் நொண்டுவது போல நடித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. மருத்துவச்சி வழி நெடுக மலாயில் திட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் கூப்பிடச் சொன்னால் பதினோராம் நாள் வருகிறானே என்று, ஆணி நிமிர்த்துகிறவனுக்கு மூளை வளைந்திருப்பதாக. எல்லாம் கேட்டுக்கொண்டேன். என் மனைவியின் மாரையும் வயிற்றையும் நீளத்துணியால் சுற்றிக் கட்டினாள். ஐந்து மாதம் சுமந்த உடம்புக்குப் பிள்ளை போனது தெரியாது, தானாக வற்றிவிடும், பிழிந்து எடுக்காதே, எடுக்க எடுக்க இன்னும் சுரக்கும் என்றாள்.

நான் ஆணியைப் பற்றிக் கேட்டேன். அவள் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் மலாயில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன்.

"சன்னலுக்குச் சாக்கு அடிக்காத வீடு இந்த ஊர்ல எது? எல்லா வீட்டுலயும்தான் ஆணி அடிச்சாங்க. அதே மாசம் நான் எத்தன பிள்ளைய உசிரோட எடுத்துக் கொடுத்தேன், உனக்குத் தெரியுமா? பப்பாளியும் அப்படித்தான். கிழங்கும் பப்பாளியும் இல்லன்னா இங்க ஒரு பிள்ளத்தாய்ச்சி பொழைச்சிருக்க மாட்டா."

"அப்ப ஏன் போச்சு?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியாது. சிலது நிக்காது. எனக்கே ரெண்டு நிக்கல. நான் ஆணியும் அடிக்கல, பழமும் தின்னல. காரணம் தெரியும்னு எவளாவது சொன்னா, அவ உன் வாய அடைக்கச் சொல்றா."

அதற்குப் பிறகு மருத்துவச்சி ஒரு கேள்வி கேட்டாள். பிள்ளையைப் பார்த்தாயா என்று. என் மனைவி இல்லை என்று தலையாட்டினாள். இவன் எங்கே வைத்தான் என்றாவது தெரியுமா? அதற்கும் இல்லை. மருத்துவச்சி தன் பையை எடுத்துக்கொண்டு, போகும்போது என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தத் தட்டிலேயே தெரிந்துவிட்டது.

"என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி.

தாய் பார்த்தால் அடுத்தது தங்காது என்று அதுவரை எனக்குள் ஒரு மூலையில் பயம் இருந்தது. இப்போது சொல்கிறேன், நடக்கும்போதும் இருந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நொண்டிகளாகப் பின்வேலிக்குப் போனோம். வெயில் சாய்ந்திருந்தது. பாண்டான் புதருக்கு அந்தப் பக்கம் மண் லேசாக இறங்கியிருந்தது. நான் வைத்த மூன்று கல் அப்படியே இருந்தது. இவ்வளவு சின்ன இடமா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். நீங்கள் அங்கேயே நில்லுங்கள் என்றாள்.

பத்தடி தள்ளி நின்றேன். அவள் மண்ணில் உட்கார்ந்து, ஒரு கையைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பேசினாள். சின்னக் குரலில், அடுப்படியில் வேலை செய்துகொண்டே பேசுகிற குரலில். பதினோரு நாள் வாய் திறக்காதவள் எவ்வளவு நேரம் பேசினாள் என்று சொல்லத் தெரியவில்லை. பாதி எனக்குக் கேட்கவில்லை. கேட்டது மட்டும் சொல்கிறேன்.

"ம்" என்றாள். பிறகு கொஞ்சம் சும்மா இருந்தாள்.

"இல்லடா. இப்ப வலிக்கல" என்றாள்.

மறுபடியும் சும்மா இருந்தாள். யாராவது கேள்வி கேட்டு முடிக்கும் வரை காத்திருப்பவர்கள் எவ்வளவு நேரம் இருப்பார்களோ அவ்வளவு நேரம். பாண்டான் இலை ஒன்றுகூட ஆடவில்லை. என் கால் விரல் விண்விண்ணென்று தெறித்தது மட்டும்தான் உலகத்தில் அசைந்தது.

"அதுவா? அது அப்பா" என்றாள்.

ஓடியிருப்பேன். கால் விடவில்லை. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண் தெளிவாக இருந்தது. பயந்த முகம் இல்லை, பைத்தியம் பிடித்த முகமும் இல்லை. கலியாணமான புதிதில் நான் ஏதாவது கிறுக்குத்தனம் செய்தால் பார்ப்பாளே, அந்த முகம். கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. உங்கள ஒண்ணு கேக்கணுமாம்."

போனேன். பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்தாள். மண் வெயில் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். அவள் என் காதுக்குக் கிட்டே குனிந்து, கேட்கச் சொன்னதை அப்படியே கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது என்று...

"ஏங்க, எவ்ளோ நேரமாக் கூப்புடுறேன். மழை தூறுது, கொடியில துணியெல்லாம் நனையுது. அங்க உக்காந்து என்னதான் கிறுக்குறீங்க?"

என் மனைவிதான், கொல்லையில் நின்று கூப்பிடுகிறாள். இது மூன்றாவது தடவை. நாலாவது தடவைக்கு ஆளே வந்துவிடுவாள், வந்தால் இதைப் பார்த்துவிடுவாள். போகிறேன்.